விளாவிய தண்ணீர்

1

போன வாரம் குடியுரிமைப் பதிவுக்குப் போனோம், நானும் என் வீட்டுக்காரர் மாரிமுத்துவும். இங்கே மலாக்காவில் மெர்டேக்கா வந்து ஒரு வருஷம் ஆகிறது. மெர்டேக்கா என்றால் சுதந்திரம். ஊரில் இருக்கிற உங்களுக்கு அது பத்து வருஷம் முன்னாலேயே வந்துவிட்டது.

வரிசையில் மூன்று மணி நேரம் நின்றோம். குமாஸ்தா தமிழர். என்ன வேலை என்று கேட்டார். வீட்டுக்காரர் சாக்கடை வெட்டுகிற வேலை என்றார். எழுதிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சுகாதாரப் பயிற்சி கொடுக்கிற வேலை" என்றேன்.

"பயிற்சி கொடுக்கிறவங்க வீட்டுல வேலையாம்மா?"

"இல்லைங்க. கொடுக்கிறதே நான்தான்."

அவர் கையில் இருந்த பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தார். கீழிருந்து மேலே பார்த்தார். அப்படி ஒரு வேலை அதில் இல்லை.

"எழுதுங்க சார்" என்றார் என் வீட்டுக்காரர். "வீட்டுல எனக்கும் தினம் இந்தப் பயிற்சிதான் நடக்குது."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். குமாஸ்தா எழுதினார்.

அந்த வேலை எப்படி வந்தது என்று ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லலாம் என்று தோன்றியது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரை. சுருக்கமாகத்தான் வரும். இதில் வருகிற பேச்சில் பாதி மலாய்ப் பேச்சு. தமிழாக்கிப் போட்டிருக்கிறேன்.

2

என் பெயர் அழகாயி. துறையூர்ப் பக்கம் ஒரு கிராமம். எங்கள் தெருவுக்குக் கிணறு கிடையாது. மேலத்தெருக் கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்போம். யாராவது இறைத்து ஊற்றினால் உண்டு. ஊற்றாத நாளில் ஏரித் தண்ணீர்.

கல்யாணமாகிக் கப்பலில் வந்தேன். முதலில் புக்கிட் ரம்பாய்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம். அங்கே லைன் வீட்டில், அதாவது கூலிகளின் வரிசை வீட்டில், இருந்தபோது முதல் பிள்ளை தங்கவில்லை. வயிற்றுப்போக்கு. ஒன்பது மாதக் குழந்தை. இரண்டாவது பெண், கண்ணம்மா, பிறந்ததும் மலாக்கா டவுனுக்கு வந்துவிட்டோம். காஜா பெராங்கில் ஒரு பின்பக்க அறை.

டவுனுக்கு வந்த முதல் நாள் தெருக்குழாயைத் திருகினேன். தண்ணீர் வந்தது. யாரும் என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. மூடினேன். மறுபடி திறந்து பார்த்தேன்.

காஜா பெராங்கில் தாய்சேய் கிளினிக்கு ஒன்று உண்டு. அதில் கூட்டித் துடைக்கிற வேலை கிடைத்தது. காலை ஏழு மணிக்குத் தரை. எட்டு மணிக்குப் பெஞ்சுகள். ஒன்பது மணிக்குச் சுகாதார இன்ஸ்பெக்டருக்குக் காப்பி. பிறகு குழந்தைகள் கக்கியதும் போனதும். எட்டு வருஷம் அதையே செய்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

3

மெர்டேக்காவுக்கு முந்தைய வருஷம் ஓர் உத்தரவு வந்தது. வெள்ளைக்கார டாக்டர்கள் போய்விடுவார்கள், நம் ஆட்களை நாமே பழக்கிக்கொள்ள வேண்டும், எல்லா இனத்திலும் ஆள் எடுக்க வேண்டும் என்று. வீடு வீடாகப் போய்ச் சுகாதாரம் சொல்லவும், பின்னால் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் ஆறு பேர். இந்தியருக்கு ஓர் இடம்.

அந்த ஓர் இடத்துக்கு நடராஜா பிள்ளை என்பவரை எடுத்தார்கள். பக்கத்துக் கம்போங் சிட்டிக்காரர். கம்போங் என்றால் கிராமம், சிட்டி என்பது செட்டி. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வந்து இங்கேயே பெண் கட்டியவர்களின் வம்சம். கோயில் உண்டு, விபூதி உண்டு, பொங்கல் உண்டு. தமிழ் மட்டும் வராது. வீட்டில் அவர்கள் பேசுவது ஒரு மாதிரி மலாய்.

ஆபீஸ் குமாஸ்தாவிடம் கேட்டேன். "தமிழ் லைனுக்கு இவரை அனுப்பினா எப்படிங்க பேசுவார்?"

"பேரு பிள்ளை. நெத்தியில பட்டை. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார்.

பயிற்சி தொடங்குமுன் ஒத்திகை மாதிரி பிள்ளை ஒரு தோட்டத்துக்குப் போனார். ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டார். ஈ படம் போட்ட அட்டையைத் தூக்கிக் காட்டி மலாயில் பேசியிருக்கிறார். ஈ மருந்து விற்க வந்தவர் என்று நினைத்து, சம்பளம் போடட்டும் வா என்று தெரிந்த மலாயில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வந்தவர் நேரே என்னிடம் வந்தார். "காக்கா, அவங்க என்ன சொன்னாங்க? நான் ஏன் சம்பள நாளன்னைக்கு வரணும்?"

எனக்கு அப்போது மலாய் அரைகுறை. கோபம் வந்துவிட்டது. நான் கறுப்புதான். அதற்காகக் காக்காய் என்பதா? துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுத் தமிழில் நாலு வார்த்தை கேட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அங்கே நின்ற கண்ணம்மா, "அம்மா, மலாய்ல காக்கான்னா அக்கா" என்றாள். பிள்ளையும் சிரித்தார், நானும் சிரித்தேன். அன்று முதல் அவர் எனக்குத் தம்பி, நான் அவருக்குக் காக்கா.

அவர்தான் பயிற்சி நடத்துகிற ரோசா மிஸ்ஸியிடம் போய் என்னையும் எடுக்கச் சொன்னார். நர்ஸை இங்கே மிஸ்ஸி என்பார்கள். ரோசா மிஸ்ஸி போர்த்துகீசு வம்சம். குரல் பெரிது.

"ஏழாவதா ஓர் இடம் கேட்டு வாங்குறேன். படிப்பு?" என்று மிஸ்ஸி என்னைக் கேட்டார்.

"மூணு."

படிவத்தில் ஆறாம் வகுப்பு தேவை என்று இருந்தது. குமாஸ்தா பேனாவை வைத்துக்கொண்டு, "ஆறுன்னு போட்டுடட்டா?" என்றார்.

"வேணாம். மூணுன்னே போடுங்க."

படிவம் இரண்டு தடவை திரும்பி வந்தது. மூன்றாவது தடவை மிஸ்ஸியே கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போனார். வந்து என்னிடம் சொன்னார்: "ஒத்துக்கிட்டாங்க. ஆனா பரீட்சை மாதிரி. நீ தேறினா, தமிழ் பேசுற ஆளுக்கு வருஷா வருஷம் ஓர் இடம். தேறலேன்னா அந்த இடத்தை எடுத்துடுவாங்க. உன் துடைப்பம் இங்கேயேதான் இருக்கும்."

சரி என்றேன்.

4

ஆறு மாதம் படித்தோம். பாடம் மலாயில். மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். நான் மனதில் வைத்துக்கொண்டேன். வீட்டில் கண்ணம்மாவிடம் ஒப்பித்தேன். அவள் என் மலாயைத் திருத்துவாள். அவள் தமிழை நான் திருத்த வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் போன பிறகு அவள் பேச்சில் தமிழ் குறைகிறது. தண்ணீர் என்பதில்லை, ஆயேர் என்கிறாள். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

எனக்கு மூன்றாவது நாற்காலி. பக்கத்து நாற்காலியில் ரொகாயா. மலாய்க்காரி, பிரசவம் பார்க்கிற குடும்பம். அதற்கடுத்து ஆ லான். சீனப் பெண், அப்பாவுக்குப் பாத்திரக் கடை. மத்தியானம் மூன்று டிபனும் நடுவில் வைப்போம். ரொகாயாவுக்கு என் புளிச்சாறு பிடிக்கும். ஆ லான் கண்ணில் நீர் வழியத் தின்பாள். காரமா என்றால் இல்லை என்பாள்.

ஆறு மாதம் முடிந்ததும் ஆளுக்குப் பதினான்கு வீடு கொடுத்தார்கள். இரண்டு மாதத் தவணை. அந்த வீட்டுக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்குக் குறைய வேண்டும். அதுதான் பரீட்சை.

எனக்கு வந்தது புக்கிட் ரம்பாய்ப் பக்கத்துத் தோட்டம். நாங்கள் முன்பு இருந்த அதே தோட்டம்.

தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னேன். வாரத்தில் மூன்று நாள் பஸ்ஸில் போய் வீடு வீடாகச் சொன்னேன். அட்டையில் ஒரு கேள்வி இருக்கும்: தண்ணீரைக் கொதிக்க வைக்கிறார்களா? பதினான்கு வீட்டுக்கும் ஆமாம் என்று குறித்தேன். அடுப்பைத் தொட்டுப் பார்த்துத்தான் குறித்தேன்.

முதல் மாதம் முடிந்தது. இன்ஸ்பெக்டர் பட்டியலைப் படித்தார். ரொகாயாவின் வீடுகளில் குறைந்திருந்தது. ஆ லானுக்கும் குறைந்திருந்தது. என் பதினான்கு வீட்டில் பதினொன்றில் குழந்தைகளுக்குப் போகிறது. ஒன்றும் மாறவில்லை.

"உன் ஆளுங்க பொய் சொல்றாங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "கொதிக்க வைக்கிறதில்ல. உன்கிட்ட ஆமாம்னு தலையாட்டுறாங்க. நீ குறிச்சுக்கிறே."

"அடுப்பைப் பார்த்தேன் துவான்" என்றேன். துவான் என்றால் ஐயா.

"அப்போ நீயும் பொய் சொல்றே."

பிள்ளைத் தம்பி எழுந்திருக்கப் பார்த்தார். கையமர்த்தினேன். இன்னும் ஒரு மாதம் இருந்தது.

5

அடுத்த தடவை கேள்வி கேட்கப் போகவில்லை. அட்டையையும் எடுத்துப்போகவில்லை. சாயங்காலமே போய்ச் சின்னப்பொண்ணு என்பவள் வீட்டில் தங்கிக்கொண்டேன். அவளுக்கு இரண்டு வயதில் ஒரு பெண். நெஞ்செலும்பு தெரியும்.

"என்னக்கா, படுக்கையோட வந்துட்டீங்க? அண்ணனோட சண்டையா?" என்றாள்.

"ஆமா. ரெண்டு நாளைக்குச் சோறு போடு."

விடியுமுன் எழுந்தாள். பெரட்டுக்குப் போக வேண்டும். பெரட்டு என்றால் வேலைக்குப் பெயர் கூப்பிடுவது. பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை. அடுப்பு மூட்டினாள். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. நான் எண்ணிக்கொண்டே பார்த்தேன். பாடத்தில் சொன்னதைவிட அதிக நேரம் கொதித்தது. பொய் இல்லை.

குழந்தை எழுந்து தண்ணீர் என்று அழுதது. சின்னப்பொண்ணு டம்ளரில் பாதி கொதிதண்ணீர் எடுத்தாள். வாய் வைக்க முடியாத சூடு. ஆறுவதற்கு நேரம் இல்லை. மூலையில் இருந்த கிணற்றுத் தண்ணீர்ப் பானையில் கையைவிட்டு மொண்டு டம்ளரை நிரப்பினாள். விரலை விட்டுப் பார்த்தாள். பதமாக இருந்தது. குழந்தைக்குக் கொடுத்தாள்.

"என்ன பண்ணுனே?" என்றேன்.

"என்னக்கா?"

"இப்ப. டம்ளர்ல."

"விளாவிக் குடுத்தேன். பின்னே, சுடச் சுடவா குடுப்பாங்க? நீங்கதானே காய்ச்சிக் குடுக்கச் சொன்னீங்க."

அவள் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. குளிக்க விளாவுகிறோம். குடிக்க விளாவுகிறோம். எங்கள் கை அப்படிப் பழகியிருக்கிறது. அட்டையில் அதைக் கேட்கவில்லை. அட்டை எழுதியவர்களுக்கு அந்தச் சொல் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கண்ணில் படவில்லை.

அந்த லைனில் கடைசி வீட்டில் நான் இருந்திருக்கிறேன். என் முதல் பிள்ளைக்கும் காய்ச்சித்தான் கொடுத்தேன். விளாவித்தான் கொடுத்தேன்.

கொஞ்ச நேரம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து அன்றும் மறுநாள் விடியலிலும் மற்ற பதின்மூன்று வீட்டையும் பார்த்தேன். எல்லா வீட்டிலும் விளாவினார்கள்.

ஆறவைத்துக் கொடுங்கள் என்று சொன்னால் போதும் என்று நினைத்தேன். சின்னப்பொண்ணு விடவில்லை.

"ஆறுற வரைக்கும் கங்காணி காத்திருப்பாரா? நீங்க வேணா வந்து பெரட்டுல எனக்குப் பதிலா நில்லுங்க."

நியாயம்தான். இரண்டு பேரும் யோசித்தோம். வழி அவள்தான் சொன்னாள். "சாயங்காலமே காய்ச்சி வச்சுட்டா? காலையில தானா ஆறி இருக்கும். ஆனா வைக்கப் பாத்திரம் ஏது? இருக்கிறது ஒரே பானை. அதுலதான் கிணத்துத் தண்ணி."

டவுனுக்கு வந்து ஆ லானிடம் சொன்னேன். அவள் அப்பா கடையில் விளிம்பு பெயர்ந்து விற்காமல் கிடந்த எனாமல் பானைகள் இருந்தன. மூடியோடு. மறுநாள் பதினான்கு பானையைக் கயிற்றில் கோத்துக்கொண்டு வந்து நின்றாள். ரொகாயா பதினான்கு சிரட்டை அகப்பை கொண்டுவந்தாள், கையை விட்டு மொள்ளாமல் இருக்க. பிள்ளைத் தம்பி எல்லாவற்றையும் பஸ்ஸில் ஏற்றினார். கண்டக்டர், "யார் வீட்டுக் கல்யாணம்?" என்று கேட்டான்.

கிணற்றுப் பானைக்கு ஒரு மூலை, புதுப் பானைக்கு எதிர் மூலை. சாயங்காலம் காய்ச்சு, மூடு, காலையில் குடி, விளாவாதே. இவ்வளவுதான் நான் அந்த மாதம் சொன்னது. சின்னப்பொண்ணு என்னைவிடச் சத்தமாகச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரி ஒரு நாள் பழக்கத்தில் விளாவப் போனபோது, "ஏய், அழகாயி அக்கா பாக்குது!" என்று கத்தினாளாம். நான் அன்றைக்கு அங்கே போகவே இல்லை.

6

இரண்டாவது மாதம் முடிந்தது. கிளினிக்கில் ஒரு மேசை போட்டு டாக்டர், இன்ஸ்பெக்டர், ரோசா மிஸ்ஸி மூவரும் உட்கார்ந்தார்கள். என் முறை கடைசி.

இன்ஸ்பெக்டர் பட்டியலைப் பார்த்தார். பதினான்கு வீடு. ஒரு வீட்டில் ஒரு குழந்தை. அதுவும் முதல் வாரத்தில்.

"போன மாசம் பதினொண்ணு, இந்த மாசம் ஒண்ணு. எப்படி? போன மாசமும் கொதிக்க வச்சாங்கன்னு நீதானே சொன்னே?"

"வச்சாங்க துவான். அன்னைக்கும் பொய் இல்ல. இன்னைக்கும் பொய் இல்ல."

"அப்போ என்ன மாறுச்சு?"

விளாவுதல் என்று சொல்ல மலாயில் எனக்குச் சொல் கிடைக்கவில்லை. முந்தின நாள் கண்ணம்மாவைக் கேட்டிருந்தேன். "விளாவுன்னா என்னம்மா?" என்று அவள் என்னையே திருப்பிக் கேட்டாள். அதனால் செய்து காட்டத் தீர்மானித்தேன். கெட்டிலில் வெந்நீர், வாளியில் பச்சைத் தண்ணீர், ஒரு டம்ளர். மேசைமேல் வைத்து அவர்கள் எதிரிலேயே விளாவினேன். விரலை விட்டுப் பார்த்தேன். டாக்டரிடம் நீட்டினேன்.

டாக்டர் டம்ளரைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் விடவில்லை. "இது யாரும் செய்யாத வேலை. படிக்காத தோட்டத்து ஆளுங்க செய்யறது."

நான் இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்தேன். சொன்னேன்.

"துவான், தினம் ஒன்பது மணிக்கு உங்க காப்பி சூடா இருக்குன்னு சொல்வீங்க. எட்டு வருஷமா பின்கட்டு மழைத் தொட்டியில ஒரு குவளை மொண்டு விளாவிக் குடுத்தது நான்தான். நீங்கதான் அப்படிச் செய்யச் சொன்னீங்க."

ரோசா மிஸ்ஸி சிரித்த சிரிப்பு ரோட்டுக்குக் கேட்டிருக்கும். டாக்டர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். வாசலில் நின்ற பிள்ளைத் தம்பி, "துவான், அதான் உங்க வயிறு!" என்றார். இன்ஸ்பெக்டருக்கு அடிக்கடி வயிறு சரியிருக்காது. ஆபீஸ் முழுக்கத் தெரியும்.

இன்ஸ்பெக்டர் முகம் சிவந்தது. பிறகு அவரும் சிரித்துவிட்டார். நல்ல மனிதர்தான். பேனாவைத் திறந்தார்.

"அந்தச் சொல்லைத் திரும்பச் சொல்லு."

"விளாவு."

"மெதுவா."

"வி. ளா. வு."

ரொகாயா கதவுக்கு வெளியிலிருந்து, "எங்க வீட்டுலயும் குழந்தைக்கு இப்படித்தான் செய்வாங்க, துவான். எங்களுக்கும் கேளுங்க" என்றாள். ஆ லான் தலையாட்டினாள்.

அடுத்த மாதம் புது அட்டை அச்சாகி வந்தது. கொதிக்க வைக்கிறார்களா என்ற கேள்விக்குக் கீழே இன்னொரு கேள்வி. அதில் ஒரு சொல் மட்டும் தமிழ். ரோமன் எழுத்தில் போட்டிருந்தார்கள். இன்றைக்கு இந்த டவுனில் மலாய் வீடு, சீன வீடு, எந்த வீட்டு வாசலில் நின்றாலும் எங்கள் ஆட்கள் "விளாவு கா?" என்று, அதாவது விளாவுகிறீர்களா என்று, கேட்கிறார்கள்.

நான் தேறினேன். டாக்டர் கையால் காகிதம் வாங்கினேன். ஏழு பேரும் வரிசையாக நின்றோம். நான் மூன்றாவது.

தமிழுக்கு உள்ள இடம் நிலைத்தது. ஒன்று இல்லை, இரண்டாக்கினார்கள். இரண்டாவது பயிற்சியை நடத்த மிஸ்ஸி என்னையும் ரொகாயாவையும் போட்டார். ஆள் எடுக்கிற அன்று சின்னப்பொண்ணு தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள். இருக்கிறதில் நல்ல சேலை. இடுப்பில் குழந்தை. குழந்தை கொழுத்திருந்தது, தூக்க முடியாமல் இடுப்பு மாற்றி மாற்றி வைத்தாள்.

கிளினிக்கின் அதே குமாஸ்தா. படிவத்தை எடுத்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். வகுப்பு என்ற வரியைத் தாண்டிப் பேனாவைக் கீழே கொண்டுபோனார்.

"என்ன மொழி பேசுவே?"

"தமிழ்தாங்க. மலாய் கொஞ்சம்."

"எத்தனை வீட்டுக்கு உன்னைத் தெரியும்?"

"லைன் பூராத் தெரியும். ஏன், படிப்புக் கேக்கலியா? நான் பள்ளிக்கூடமே போனதில்லைங்க."

"கேக்கல" என்றார் குமாஸ்தா. "உள்ளே போ. மூணாவது நாற்காலி."